பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய்

எங்கள் காரின் பெல்ட் மூன்று தடவை போயிற்று. முதல் தடவைக்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது. மற்ற இரண்டுக்கும் காரணம் நான்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைத்திருந்து சொல்ல இது துப்பறியும் கதை இல்லை. தவிர, ஒளித்து வைப்பதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் திறமையும் அந்தக் குளிர்காலத்திலேயே தீர்ந்துபோய்விட்டது.

கார் ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பானெட்டைத் தூக்கினால் என்ஜினின் பக்கவாட்டில் ஒரு கறுப்பு ரப்பர் வார் நாலைந்து சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு ஓடும். அதுதான் பெல்ட். சக்கரங்களுக்குப் புல்லி என்று பெயர். என்ஜினின் சுழற்சியை வாங்கி, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் பம்பையும் அதுதான் சுற்றவைக்கிறது. அது போனால் கார் உடனே நின்றுவிடாது. முதலில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஸ்டீயரிங் ஆட்டுக்கல்லைப் போலக் கனக்கும். பிறகு சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறும். புத்தியுள்ளவர்கள் அதற்குள் ஓரமாக நிறுத்திவிடுவார்கள். என் மனைவி மூன்று தடவையும் நிறுத்தினாள். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

நான் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். உராய்வு என்ற பாடத்தை ஓய்வு பெறும் வரை வருடம் தவறாமல் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்து, அவற்றைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, “இந்தப் பெல்ட்டுக்கும் இந்தச் சக்கரத்துக்கும் நடுவே உராய்வு இல்லையென்றால் உலகத்தில் ஒரு மாவு மில்கூட ஓடாது” என்று சொல்வேன். அந்த வாக்கியத்துக்குக் கடைசி பெஞ்சும் தலை நிமிரும். அதே கை, அதே சுண்ணாம்புத் தூள் படிந்த விரல்கள், பிற்காலத்தில் அதே பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டன.

எண்ணெய் விட்டதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

கண்ணில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் எல்லாம் எனக்குப் பூச்சூடிக்கொண்டு வர ஆரம்பித்தன. மருத்துவர் ஓட்ட வேண்டாம் என்றார். காரை விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். மனைவி ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். அறுபதைத் தாண்டிய பிறகு. மாநில அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். முழுக்க வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவள் என்று அந்த அலுவலகமே பயப்படும். அப்படியேதான் காரும் ஓட்டினாள். சிக்னலில் சிவப்பு விழுந்தால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பிறகு இரண்டு கைகளும் மடியில். பச்சை விழுந்ததும் எல்லாம் வரிசையாக. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரனில் அழுவார்கள். அவள் வரிசையை மாற்ற மாட்டாள்.

நான் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து பாடம் நடத்துவேன். எனக்கு அப்போது வேறு மாணவர்கள் இல்லை.

வியாழக்கிழமை தோறும் அவள் எங்கள் கட்டடத்துப் பெண்கள் இருவரை ஏற்றிக்கொண்டு விவேக் நகருக்குக் குழந்தை ஏசு கோயிலுக்குப் போவாள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். கூடப் போகிறவர்களில் ஒருத்தி அம்மன் பக்தை. ஆனாலும் வியாழக்கிழமை என்றால் விவேக் நகர். பெங்களூரில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. மெழுகுவத்தி ஏற்றி, வேண்டிக்கொண்டு, வரும் வழியில் எங்காவது மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வாரம் முழுவதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அதற்குக் காரணம் ஏசுவா தோசையா என்று நான் கிண்டல் செய்வேன். காரணம் ஸ்டீயரிங் என்று எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போதுதான் முதல் பெல்ட் போயிற்று. அவள் ஓரமாக நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்தாள். நான் ஜீவனஹள்ளி மெக்கானிக்குக்குச் செய்தேன். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சந்தில் கொட்டகை போட்டிருக்கும் பெரிய சரீரக்காரர் அவர். வண்டிகளோடு கன்னடத்தில் பேசுவார், வண்டிக்காரர்களோடு தமிழில் பேசுவார், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களை உருதுவில் திட்டுவார். வயசான பெல்ட், போக வேண்டியதுதான் என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டினார். பழையதைத் தூக்கிக்கொண்டு போனார், எதையாவது கட்ட உதவும் என்று.

புதுப் பெல்ட் கத்த ஆரம்பித்தது.

ஸ்டார்ட் செய்தாலே அந்தச் சத்தம், காலையில்தான் உச்சம். கத்திக்குச் சாணை பிடிக்கிற ஓசையையும் பூனைச் சண்டையையும் ஒன்றாகக் கலந்தால் வரும். எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்துமிடம் தூண்களுக்கு நடுவே, மேலே கூரையோடு இருக்கிறது. ஒரு தும்மல் போட்டால் மூன்றாம் மாடி வரை கேட்கும். இந்தச் சத்தம் மொட்டை மாடிக்கும் கேட்டது. இதில் எனக்குக் கூடுதல் சங்கடம் ஒன்று இருந்தது. நான் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். காலை ஏழு மணிக்கு முன் யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது என்று லிஃப்ட் பக்கத்தில் மூன்று மொழிகளில் அறிவிப்பு ஒட்டியவன் நானே. அதன் கீழே யாரோ பென்சிலால் “பெல்ட்டும்” என்று எழுதிவிட்டார்கள். தமிழில்தான். அதனால் சந்தேகத்துக்குரியவர்கள் நாலைந்து பேர்தான், ஆனால் விசாரிக்க முடியவில்லை.

மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் எதையோ முறுக்கினார். “புது பெல்ட்டு புது செருப்பு மாதிரி சார். கொஞ்ச நாள் கடிக்கும். அப்புறம் செட் ஆயிடும்” என்றார்.

எனக்குச் செருப்பு செட் ஆகும் வரை பொறுமை இல்லை.

எங்கள் வீட்டில் கிறீச்சிடும் பொருள் எதுவானாலும் அதற்குத் தேங்காய் எண்ணெய்தான். கேட் கத்தினால் தேங்காய் எண்ணெய், கட்டில் கத்தினால் தேங்காய் எண்ணெய், பீரோக் கதவுக்கும் அதே. சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகிய காரியம். கை செய்யும்போது மூளையைக் கேட்பதில்லை. டிசம்பர் மாதம். குளியலறை பாட்டிலில் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடந்தது. அதை பால்கனி வெயிலில் வைத்து இளக்கி, தீர்ந்துபோன காதுச் சொட்டு மருந்துக் குப்பியில் நிரப்பிக்கொண்டு கீழே போனேன். அவள் கோலம் போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கார் கத்தவில்லை. கட்டடமே கவனித்தது. எப்படி என்று கேட்டவர்களிடம், பெல்ட்டின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, கொஞ்சம் சரிசெய்தேன் என்று சொன்னேன். சொன்னபோது இயற்பியல் பேராசிரியரின் புன்னகை ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். சார் கை வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு அம்மாள் சொன்னது இரண்டு வாரத்துக்கு எனக்கு உணவாக இருந்தது. சத்தம் தலைகாட்டும் போதெல்லாம் மறுபடி சில சொட்டுகள். கோயிலுக்குக் கூடப் போகிற அம்மன் பக்தை மட்டும், காரில் உட்கார்ந்தால் நேந்திரம் சிப்ஸ் வறுக்கிற வாசனை வருகிறதே, வழியில் ஏதாவது புதுக்கடை திறந்திருக்கிறார்களா என்று கேட்டாளாம். மனைவி அதை என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் உண்மையாகவே புரியாமல்தான் சிரித்தேன்.

புரிந்தது இரண்டாவது பெல்ட் போனபோது. மெக்கானிக் அதைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். உள்பக்கத்து வரிகள் பிய்ந்து தொங்கின. ரப்பர் உப்பி, விரலால் அழுத்தினால் குழிந்தது.

“ஊற வெச்ச மாதிரி கீது சார். எண்ணெ குடிச்சிருக்குது. எங்கியோ லீக்கு.”

கரும்பலகையும் இரண்டு வட்டங்களும் என் கண் முன்னால் வந்து நின்றன. எண்ணெய் விட்டதும் பெல்ட் வழுக்கியிருக்கிறது. வழுக்கியதால் சூடேறியிருக்கிறது. சூட்டில் எண்ணெயை உறிஞ்சிய ரப்பர் மெத்தென்று உப்பி உரிந்திருக்கிறது. முதலாண்டு மாணவன் சொல்லிவிடுவான். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். நான் திறக்கவில்லை.

மெக்கானிக் லீக்கைத் தேட ஆரம்பித்தார். என்ஜினின் முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு, எங்கிருந்து கசிகிறது என்று பார்க்க பவுடர் கேட்டார். மனைவி தன்னுடைய முகப் பவுடர் டப்பாவைக் கொடுத்தாள். குளித்து வந்த குழந்தைக்குப் போடுவதுபோல் அவர் என்ஜினுக்குப் பவுடர் போட்டார். சில நாள் கழித்து வந்து பார்த்தபோது பவுடர் போட்டது போட்டபடியே இருந்தது, ஒரு ஈரம் இல்லை. இருந்தாலும் மெக்கானிக்குகளுக்கு எதையாவது கழற்றாமல் போக மனம் வராது. பெல்ட்டைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லிக்குப் பின்னால் எண்ணெயைத் தடுத்து நிற்கும் சீல் பழசு, அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லி, பாதி என்ஜினைப் பிரித்து அதை மாற்றினார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆமாம், சீலாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய குற்றம் அன்றைக்குத்தான் நடந்தது. புது சீல் போட்டும் அவருக்குத் திருப்தி இல்லை. எண்ணெய் மட்டுமே காரணமாக இருக்காது, வேறு என்னவோ இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் யோசனை எண்ணெய்ப் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும் என்று எனக்குப் பரபரப்பு.

“வீட்டுல அவங்கதான் ஓட்டறாங்க. கொஞ்சம் ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டற பழக்கம்” என்றேன்.

இடது காலால் பாதி மிதித்தபடி ஓட்டும் அந்தக் கிளட்சுக்கும் இந்தப் பெல்ட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனக்குத் தெரியும். மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் இரண்டு ஆண்கள் ஒரு காரின் முன்னால் நின்று ஒரு பெண் ஓட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் இயற்பியலுக்கு அங்கே இடமில்லை. அவர், “இருக்கலாம் சார், லேடீஸ் பாவம் பயத்துல ரேஸ் பண்ணுவாங்க” என்றார். மனைவி இரண்டு டம்ளர் காப்பியோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். காப்பியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். நான் இயற்பியல் படித்தவன் என்பதால் நம்பினாள்.

எதற்காகச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்பது பாதிதான். மீதிப் பாதி, அவள் என்னைவிட நன்றாக ஓட்டினாள் என்பது.

மூன்றாவது பெல்ட் மாட்டினோம். அதுவும் கத்தியது. இந்த முறை எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் சில வாரம் தாக்குப்பிடித்தேன். சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நெருங்கியது. பென்சில்காரர் மறுபடி எழுதினார். ஒரே ஒரு சொட்டு, அதுவும் ஓரத்தில் மட்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு கீழே போனேன். குப்பியை எடுத்த பிறகு ஒரு சொட்டோடு நிற்கிற மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அது டிரினிட்டி சர்க்கிளில் போயிற்று. நடுச் சந்திப்பில், பின்சீட்டில் இரண்டு பெண்கள், ஸ்டீயரிங் இறுகிப்போய். அவள் முழு பலத்தையும் போட்டு வளைத்து ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் அங்கே இல்லை. பின்சீட்டுப் பெண்கள் சொன்னார்கள். பைக்கில் போன ஒரு பையன் வண்டியை மெதுவாக்கி, “அஜ்ஜி, மனேலி இரி” என்று சொல்லிவிட்டுப் போனானாம். பாட்டி, வீட்டில் இருங்கள். மரியாதையாகத்தான் சொன்னான், அதுதான் இன்னும் மோசம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் வைத்தாள். சந்தாபுராவில் இருக்கும் மகனுக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவன் உற்சாகமாக, விற்றுவிடலாம்ப்பா, இங்கே ஒருவர் பழைய வண்டி தேடுகிறார், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார் என்றான். நான் மனைவியைப் பார்த்தேன். சரி என்று சொல்லச் சொன்னாள். அடுத்த வியாழக்கிழமை பெண்கள் இருவரும் ஆட்டோவில் விவேக் நகர் போனார்கள். இவள் தலைவலி என்று போகவில்லை. மெக்கானிக் மட்டும் விற்கிற வண்டிதானே என்று ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டுப் போனார். அது தினமும் கத்தியிருக்கும், ஸ்டார்ட் செய்ய ஆள் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம். அவரைக்காய்ப் பருவம். ஊறவைத்த அவரைப் பருப்பைத் தரையில் உட்கார்ந்து பிதுக்கினால் முழங்கால் வலிக்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே செய்தித்தாளோடு. அவள் இடது கால் தரையில் அசைந்துகொண்டிருந்தது. மெல்ல அமுங்கும், ஒரு கணம் நிற்கும், துளித்துளியாக மேலே வரும். மறுபடி அமுங்கும். பருப்பு தோலை விட்டுத் தெறித்துப் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கால் தன் போக்கில் அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நடக்கிறது என்று தெரியவில்லை. எத்தனை நாளாக என்றும்.

“கால் மரத்துப் போச்சா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. கிளட்ச்ச எந்த எடத்துல தப்பா விடறேன்னு பாக்கறேன்.” பருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வித்துட்டா அப்புறம் தெரியாமலே போயிடும் இல்ல.”

செய்தித்தாளை மடித்து வைத்தேன். நாலாக மடித்தேன். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

“பெல்ட்டுக்கு நான் எண்ணெ விட்டேன்.”

“எந்த பெல்ட்டுக்கு?”

“கார் பெல்ட்டுக்கு. சத்தம் போடுதுன்னு.”

“என்ன எண்ணெ?”

“தேங்கா எண்ணெ.”

“பாத்ரூம்ல இருக்குதே, தலைக்கு வெக்கறது, அதா?”

“அதுதான்.”

அவள் கண்காணிப்பாளராக மாறிவிட்டாள். எந்தெந்தத் தடவை, எவ்வளவு, எதில் ஊற்றி, யாருக்குத் தெரியும், எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டாள். நான் வரிசையாகச் சொன்னேன். காதுச் சொட்டுக் குப்பியைச் சொன்னபோது அவள் உதட்டோரம் ஒரு கணம் துடித்தது. சிரிப்பு வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை.

“ரெண்டாவது தடவ விட்டீங்களே, அப்ப பெல்ட்டு போறது எதுனாலன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“ஹாஃப் கிளட்ச்சுன்னு அந்தாளு கிட்ட சொன்னீங்களே. அப்ப?”

“அப்பவும் தெரியும்.”

அவள் மிச்சமிருந்த பருப்பைப் பிதுக்கி முடித்தாள். ஒன்றையும் விடவில்லை. தோலை வாரிக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவினாள். பிறகு மகனுக்கு போன் செய்தாள். நான் கூடத்திலிருந்தே கேட்டேன்.

“நாளைக்கு யாரையும் அனுப்பாதப்பா. வண்டி விக்கறதில்ல. அந்தாளுக்கு ஏதாச்சும் கண்டிப்பா வாங்கணும்னா சொல்லு, உங்கப்பா இருக்காரு.”

அடுத்த நாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு காரை ஜீவனஹள்ளிக்கு ஓட்டிப்போகச் சொன்னாள். நாங்கள் பின்சீட்டில். கொட்டகையில் இறங்கியதும், இவர் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். நான் சொன்னேன். அங்கே வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது, அவளுக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அது என்ன சார், தோசக்கல்லா?”

பிறகு கோபம் வந்தது. வீணாக என்ஜினைப் பிரித்தேனே, முதுகு போச்சே, பவுடர் வேறு போட்டேனே என்று மூன்று மொழிகளிலும் மாறி மாறிச் சொன்னார். உருதுவும் எனக்குக் கிடைத்தது. கேட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பெல்ட் போனதற்கு நான் காரணம் என்றால், பெல்ட் கத்தியதற்கு யார் காரணம்? எண்ணெய் விடுவதற்கு முன்பே கத்தியதே? நான் சாட்சியின் வாயில் எண்ணெயை ஊற்றி அடைத்துவிட்டதால் அதை யாரும் அதுவரை கேட்கவே இல்லை. இப்போது மாட்டியிருந்தது சொட்டு எண்ணெய் படாத பெல்ட். ஸ்டார்ட் செய்தார். கத்தியது. முதல்முறையாக நாங்கள் மூவரும் அந்தச் சத்தத்தை ஆசையோடு கேட்டோம்.

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பழைய பெல்ட்டுகள் மூன்றும் ஆணியில் தொங்கின. போய் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றையும் முழுச் சுற்றும் பார்த்தாள். அலுவலகத்தில் அப்படித்தான் வாசித்திருப்பாள்.

“மூணுலயும் ஒரு ஓரத்துல மட்டும் நூல் பிரிஞ்சிருக்கு. அதே பக்கம். இந்த மொதல் பெல்ட்டுக்கு இவரு எண்ணெயே விடல.”

மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். உப்பலையும் உரிசலையும் மட்டுமே பார்த்திருந்ததால் ஓரத்தை அவர் கவனிக்கவில்லை. ஓரம் தேய்கிறதென்றால் பெல்ட் நேராக ஓடவில்லை, ஏதோ ஒரு புல்லி வரிசையை விட்டு விலகி நிற்கிறது. இது என் பாடத்தில் வரும். ஒரு நீளமான ஸ்டீல் ஸ்கேலை கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து ஆல்டர்னேட்டர் புல்லிவரை நீட்டிப் பார்க்கச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லைதான். என் கண்ணுக்கு எல்லாம் நேராகத் தெரிந்தது. அவள் குனிந்து, ஒரு விரல் நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறது, ஆல்டர்னேட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது என்றாள். நகத்தை நுழைத்தும் காட்டினாள்.

மெக்கானிக் போல்ட்டைக் கழற்றினார். தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த வாஷர் ஒன்று இல்லை.

“யாரோ கை வெச்சிருக்காங்க மேடம். ஆல்டர்னேட்டர கழட்டி மாட்டறப்ப வாஷர் போடாம உட்டுட்டாங்க. என்ன கெலசம், என்ன வேல பண்றானுங்களோ.”

“நீங்கதாம்ப்பா கழட்டி மாட்டனது. முந்தின மழைக்கு. பேட்டரி சார்ஜ் ஆவலன்னு.”

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். கை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. நான் மனப்பூர்வமாக அவருக்காக வருந்தினேன். அந்த வருத்தத்தில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டகையில் அப்போது தலைகுனிந்து நின்றவர்கள் இருவர். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடி டம்ளர் உடைந்த இடத்தில் நிற்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பது போல.

சரியான தடிமனில் வாஷர் தேடிப் போட்டார். ஸ்கேல் நேராக உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் ஓசை மட்டுமே கேட்டது. மெக்கானிக் வெற்றியோடு சாவியை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. நீங்களே கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அதுவும் ஒரு பேராசிரியர் புத்திதான். கணக்கில் தவறு கண்டுபிடித்தால் விடை தானாக வந்துவிடும் என்கிற புத்தி. அவள் காலில் நான் போட்ட சந்தேகம் வாஷரால் எடுக்கக்கூடியதாக இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சாவி தொடப்படாமல் கிடந்தது. நான் எண்ணெய் இல்லாத தலையோடு திரிந்தேன். அந்த பாட்டிலை எடுக்கவே கூச்சமாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவளைக் காணோம் என்று கீழே போனால், காரில் ஓட்டுநர் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஸ்டார்ட் செய்தாள். அணைத்தாள். மறுபடி ஸ்டார்ட் செய்து, ஒரு கார் நீளத்துக்கு முன்னால் போய், அதே அளவுக்குப் பின்னால் வந்து நிறுத்தினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். லிஃப்டில் ஏறும்போது சத்தம் செய்யாமல் ஏறினேன்.

வியாழக்கிழமை காலை குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“வாங்க. முன்னாடி உக்காருங்க. விவேக் நகர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது.”

பின்சீட்டில் பெண்கள் இருவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நடந்தது எல்லாம் தெரிந்துவிட்ட முகங்கள். என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், தோள் குலுங்கியது.

நான் பேசவில்லை. அல்சூர் ஏரி தாண்டும்போது ஒரு பஸ் எங்களை உரசுவதுபோல் வந்தது, பேசவில்லை. ஒரு சிக்னலில் அவள் வழக்கம்போல் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கை மடியில் என்று வரிசையாகச் செய்தாள். பச்சை விழுந்ததும் வரிசை ஓர் இடத்தில் தடுமாறி என்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன்கள். என் நாக்கு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. இடது கால் அமுங்கியது. ஸ்டார்ட் ஆயிற்று. கால் துளித்துளியாக மேலே வந்தது. கார் நகர்ந்தது. டிரினிட்டி சர்க்கிளில் பச்சை கிடைத்தது, நிற்காமல் தாண்டினோம். பின்சீட்டில் ஒருத்தி நீளமாக மூச்சு விட்டாள்.

விவேக் நகரில் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் இடம் கிடைத்தது. ஒரே வீச்சில் பின்னால் எடுத்து, சுவருக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தினாள். நான் ஓட்டிய காலத்தில் எனக்கு அந்த மாதிரி வந்ததில்லை. பெண்கள் இருவரும் இறங்கி முன்னால் நடந்தார்கள். அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

“இப்ப பேசலாம்.”

வழி நெடுகச் சேர்த்துவைத்திருந்தேன். பஸ்ஸைப் பற்றி, சிக்னலைப் பற்றி, திரும்பும்போது இன்டிகேட்டர் போட மறந்ததைப் பற்றி. ஒன்றும் வாயில் வரவில்லை. எண்ணெய் விட்டேன் என்று வீட்டில் சொன்னேன், கொட்டகையில் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று இரண்டு இடத்திலும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சொன்னேன். நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய், முதலிலிருந்தே நன்றாகத்தான் ஓட்டினாய், எனக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் இறங்கிக் கதவைப் பூட்டி, கைப்பிடியை இழுத்துச் சரிபார்த்தாள்.

“மெழுகுவத்திய நீங்க எடுத்துக்கிட்டு வாங்க” என்று பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.